பந்தேற்றும் பொறி

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

   

ஒரு பொறியைப் பற்றி இளைஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்று விழாக்குழுவினர் எங்களைப் பணித்தனர். ஆலைகளில் ஓடும் பெரிய இயந்திரம் எதையாவது எடுத்துக்கொள்வோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் எடுத்துக்கொண்டதோ ஒரு விளையாட்டுப் பொறி. குழந்தைகள் அடுக்கி விளையாடும் லெகோ கட்டைகளால் கட்டப்படுவது. கோலிக்குண்டினும் சற்றே சிறிய பிளாஸ்டிக் பந்துகளைக் கீழிருந்து மேலே ஏற்றி, அடுத்து நிற்கும் பொறியின் தொட்டியில் கொட்டுவது. அதன் தொழில் அவ்வளவே. பந்து மேலே போவதால் எவருக்கும் ஒரு பிடி அரிசி கிடைக்கப் போவதில்லை. கொட்டிய பந்து சுற்றி வந்து, புறப்பட்ட இடத்தையே அடைகிறது.

இருப்பினும், பல நாடுகளிலும் பொறியாளர்கள், ஆசிரியர்கள், பள்ளிப் பிள்ளைகள் எனப் பலதரப்பட்டோர் இப்பொறியைக் கட்டுவதில் ஆண்டுக்கணக்கில் ஈடுபட்டு வருகின்றனர். காரணம் இல்லாமல் இல்லை. பாடநூலில் ஒரு பக்கத்தில் நெம்புகோல் வருகிறது. மற்றொரு பக்கத்தில் சாய்தளம் வருகிறது. தேர்வு முடிந்தவுடன் இரண்டும் மறந்துபோகின்றன. இப்பொறியிலோ, படித்தவை யாவும் ஒரே சமயத்தில் நம்மைக் கேள்வி கேட்கின்றன. விடை தவறினால் மதிப்பெண் குறைவதில்லை; பொறி நின்றுவிடுகிறது.

முதலில் கட்டைகளைப் பற்றிச் சிறிது காண்போம். டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ஆம் ஆண்டில் மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். பிளாஸ்டிக் கட்டைகள் பின்னர் வந்தன. மேலே குமிழ்களும் உள்ளே குழல்களும் கொண்ட இன்றைய வடிவத்திற்கு 1958-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் காப்புரிமை கோரப்பட்டது. அக்குழல்களே கட்டை கட்டையை இறுகப் பற்றுவதற்குக் காரணம். 1977-இல் பல்சக்கரமும் அச்சும் துளையிட்ட சட்டமும் கொண்ட தொகுதிகள் வெளிவந்தன. 'டெக்னிக்' என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற அவற்றைக் கொண்டே பந்தேற்றும் பொறிகள் கட்டப்படுகின்றன.

ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவிற்கு 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். தகடு எனப்படும் மெல்லிய கட்டையின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அஃதாவது 3.2 மில்லிமீட்டர். இந்த மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு வேண்டியிருக்கும்.

2000-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், அமெரிக்காவில் கட்டைப் பொறிகளைக் கட்டி மகிழும் சிலர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஒரு சிறு பொறியைக் கட்டுவது. கண்காட்சி நாளில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பந்தை ஒன்றிலிருந்து ஒன்றிற்குச் செலுத்துவது. இதன் விதிகளை வகுத்து எழுதியவர் ஸ்டீவ் ஹாசன்பிளக் என்பவர். விதிகள் மிகச் சிலவே. ஒவ்வொரு பொறிக்கும் பந்தை ஏற்கும் தொட்டி ஒன்று இருக்க வேண்டும். அது நாற்புறமும் பத்துக் குமிழ் அகலமும், பத்துக் கட்டை உயரமும் கொண்டிருக்க வேண்டும். சராசரியாக நொடிக்கு ஒரு பந்து என்ற வீதத்தில் வாங்கி, அதே வீதத்தில் அடுத்த தொட்டியில் சேர்க்க வேண்டும். மொத்தமாகக் கொட்டுவதாயின் ஒரு தடவைக்கு முப்பது பந்துகளுக்கு மேல் கொட்டலாகாது.

பொறிக்குள்ளே என்ன நிகழ வேண்டும் என்பதைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை. ஒருவர் சங்கிலியால் ஏற்றலாம். ஒருவர் சக்கரத்தால் ஏற்றலாம். மற்றொருவர் கைபோன்ற நெம்புகோலால் எறியவும் செய்யலாம். வாங்கும் வாயும் கொடுக்கும் வாயும் ஒழுங்குக்கு உட்பட்டால் போதும். ஆகவே, ஒருவரையொருவர் பாராத ஐம்பது பேர், தனித்தனி ஊர்களில் கட்டிய ஐம்பது பொறிகள், ஒரே காலையில் ஒன்றாக இணைந்து ஓடுகின்றன. ஜப்பான் நாட்டில் அகியூகி என்ற பெயரால் அறியப்படும் கலைஞர் கட்டிய பொறிகள் உலகெங்கும் பார்த்து வியக்கப்படுகின்றன. அவருடைய பொறியின் அமைப்பைப் பார்த்துப் பிற நாட்டார் கட்டியவை வேறு கண்டங்களில் ஓடுவதும் இந்த ஒழுங்கினால்தான்.

இனி ஏற்றுவதற்கு வருவோம். பந்தை மேலே தூக்குவதுதான் பெரும்பாடு என்று எண்ணுவோர் உளர். கணக்கிட்டுப் பார்ப்போம். பந்தின் விட்டம் 14 மில்லிமீட்டர். அதன் எடை 2 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். அதை 30 சென்டிமீட்டர் உயரத்திற்கு நொடிக்கு ஒன்றாக ஏற்ற எவ்வளவு ஆற்றல் வேண்டும்? 0.002 கிலோகிராமை 9.8-ஆலும் 0.3-ஆலும் பெருக்கினால் 0.006 ஜூல் வரும். நொடிக்கு ஒரு பந்து எனின் 0.006 வாட். ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை! கைவிளக்கில் எரியும் சிறு பல்பு இதனைப்போல் பன்மடங்கு உண்கிறது. ஆகவே, மோட்டார் திணறுகிறது என்றால் பந்தின் எடையால் திணறவில்லை. அச்சுகளின் உராய்வாலும், வளைந்த சட்டத்தாலும், இறுக்கிப் பொருத்திய பல்சக்கரங்களாலும் திணறுகிறது என்று கொள்க. பெரிய மோட்டார் வாங்குவது இதற்கு மருந்தாகாது. ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே விரலால் சுழற்றிப் பார்த்து, எது கனமாகச் சுழல்கிறதோ அதைச் சீர்செய்வதே மருந்து.

ஏற்றும் முறைகள் பல. அவற்றுள் முதலாவது சுருள். ஆர்க்கிமிடீசின் பெயரால் வழங்கும் திருகு இதுவே. திருகு சுழலும், பந்து அதனுடன் சேர்ந்து சுழலாதவாறு பக்கத்தில் இரு கம்பிகள் தடுத்து நிற்கும், சுழல வழியின்றிப் பந்து மேலே ஏறும். காண அழகானது. கட்டைகளால் திருகை வழவழப்பாக அமைப்பது கடினம் என்பதால், இதனைத் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ள வேண்டா என்பது எங்கள் கருத்து.

இரண்டாவது, வாளிச் சங்கிலி. மிதிவண்டிச் சங்கிலி போன்ற ஒன்றில் வரிசையாகச் சிறு வாளிகள். கீழே அள்ளி மேலே கவிழ்ப்பது. இங்கே ஒரு கேள்வி எழுகிறது: மேலே சென்ற வாளி யாரும் தொடாமல் தானே எவ்வாறு கவிழும்? சங்கிலி மேல் சக்கரத்தைச் சுற்றித் திரும்பும்போது வாளியும் தலைகீழாகிறது. ஒற்றை வாளிப் பொறியாயின், வாளியின் பக்கத்தில் ஒரு முளை வைத்து, உச்சியில் அம்முளை ஒரு தடையில் இடிக்குமாறு அமைப்பர்.

இதைக் கேட்கும்போது இங்குள்ள பெரியவர்களுக்குக் கவலை இறைத்தது நினைவிற்கு வரும். இளையோர் பலர் அதனைப் பார்த்திரார். ஆகவே சற்று விளக்குவோம். மாடுகள் சரிவில் இறங்கும், வடம் இழுபடும், கிணற்றிலிருந்து சால் மேலே வரும். சாலின் அடியில் தோற்குழாய் ஒன்று வால்போல் தொங்கும். வடம் சாலைப் பிடித்திருக்க, மற்றொரு மெல்லிய கயிறு அக்குழாயின் வாயைப் பிடித்திருக்கும். கிணற்றுக்குள் சால் ஏறும்வரை குழாயின் வாய் நீர்மட்டத்திற்கு மேலே தூக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். எனவே நீர் சிந்தாது. விளிம்பிற்கு வந்ததும், தாழ்வாக உள்ள உருளையின் வழியே மெல்லிய கயிறு குழாயை வாய்க்கால் பக்கம் இழுக்கும். சாலோ உயர்ந்த உருளையை நோக்கி மேலும் ஏறும். நீர் தானே கொட்டும். கவிழ்ப்பதற்கு ஓர் ஆள் தேவையில்லை. இரண்டு உருளைகளை வெவ்வேறு உயரத்தில் வைத்ததே இதன் நுட்பம். அந்த உயர வேறுபாட்டையும் கயிறுகளின் நீளத்தையும் தோற்குழாயின் அளவையும் எவரும் தாளில் வரைந்து வைக்கவில்லை. அத்தோலைப் பதனிட்டு, நீர் கசியாமல் தைத்துக் கொடுத்தோர் யாவர் என்பதை இம்மன்றத்தில் நாங்கள் சொல்ல வேண்டுவதில்லை. அவர்களைப் பொறியாளர் என்று எவரும் அழைத்ததில்லை. அவர்கள் செய்தது பொறியியலே.

மூன்றாவது முறையான படியேற்றமே தொடங்குவோர்க்கு ஏற்றது. மேடையிலுள்ள பொறியும் அவ்வகையினதே. இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

நிலையான படிகள் ஒரு வரிசை. அவற்றின் இடையிடையே மேலும் கீழும் அசையும் படிகள் ஒரு வரிசை. எல்லாப் படிகளும் முன்னோக்கிச் சற்றே சரிந்திருக்கும். அசையும் படி கீழே இருக்கும்போது, நிலைப்படியில் நிற்கும் பந்து உருண்டு அதன்மேல் ஏறிக்கொள்ளும். அசையும் படி உயர்ந்து, அடுத்த நிலைப்படியைவிடச் சற்று மேலே வந்ததும், பந்து அங்கிருந்து அடுத்த நிலைப்படிக்கு உருண்டுவிடும். பந்தை யாரும் தள்ளவில்லை. தன் எடையாலேயே அது முன்னேறுகிறது. தாழ்ந்தது போலவே தோன்றும். ஆயினும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி உயர்ந்திருக்கும்.

சுழற்சியை மேல்கீழ் அசைவாக மாற்றுவது எப்படி? தையல் இயந்திரத்தில் கால்மிதியின் ஆட்டம் கம்பி வழியாகச் சக்கரத்தின் சுழற்சியாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதனைத் திருப்பிப் போட்டதே இது. சுழலும் சக்கரத்தின் நடுவிலிருந்து ஒரு துளை தள்ளி ஒரு முளையைச் செருகுக. ஒரு துளைத் தொலைவு 8 மில்லிமீட்டர் அல்லவா? எனவே முளை மேலே 8, கீழே 8 ஆக மொத்தம் 16 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். நிலைப்படிகளுக்கிடையே உயர வேறுபாடு 16 மில்லிமீட்டராகவே இருந்தால் பந்து உருளாது. இரண்டும் மட்டமாக நின்றுவிடும். ஆகவே ஒரு கட்டையும் ஒரு தகடும் சேர்ந்த உயரத்தை எடுத்துக்கொள்வோம். 9.6-உம் 3.2-உம் சேர்ந்தால் 12.8. மீதம் 3.2 மில்லிமீட்டர். இம்மீதத்தில் பாதி கீழே பந்தை வாங்குவதற்கும் பாதி மேலே பந்தை விடுவதற்கும் பயன்படுகிறது. இவ்வாறு 24 படிகள் வைத்தால் 30 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டுவோம்.

அடுத்து வேகம். நொடிக்கு ஒரு பந்து வேண்டும் என்பதால் சக்கரத்தை நொடிக்கு ஒரு சுற்றுச் சுழற்றினால் போதும் என்று தோன்றும். அவ்வாறு கட்டுவோரே மிகுதி. அங்கேதான் பொறி ஏமாற்றுகிறது. அசையும் படி நிலைப்படிக்கு மேலே நிற்பது ஒரு சுற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரமே. அஃதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. பத்துக்கு ஒன்று சரிவில் பந்து இரண்டு குமிழ்த் தொலைவு உருளவும் ஏறத்தாழ அதே நேரம் ஆகிறது. பந்து படியின் விளிம்பைக் கடக்கும் முன்னரே படி இறங்கிவிடும். பந்து இடையில் மாட்டிக்கொள்ளும். ஆகவே, படிகளை இரண்டு பந்து அகலத்திற்கு அமைத்து, வேகத்தைப் பாதியாகக் குறைப்பதே முறை. அப்போது கதவு திறந்திருக்கும் நேரம் இரட்டிக்கிறது; வீதமோ குறையவில்லை.

மோட்டார் நிமிடத்திற்கு 300 சுற்றுச் சுழல்கிறது என்று கொள்வோம். 8 பல் சக்கரம் 24 பல் சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும். அதையே மீண்டும் ஒரு தடவை செய்தால் ஒன்பதில் ஒரு பங்கு. நிமிடத்திற்கு 33 சுற்று. ஒரு சுற்றிற்கு இரண்டு பந்துகள் எனின் நிமிடத்திற்கு 66 பந்துகள். வேண்டியது 60. சற்று மிகுதியாக இருப்பது நலமே. முன்னவர் கொட்டிய குவியலைத் தீர்க்க அந்த ஆறு பந்துகள் உதவும். இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. இக்கட்டைகளின் பல்சக்கரங்களில் பற்களின் எண்ணிக்கையே மில்லிமீட்டரில் சக்கரத்தின் விட்டமாக அமைந்துள்ளது. பற்கள் கவ்வும் இடத்தில் அளந்தால் 24 பல் சக்கரத்திற்கு 24 மில்லிமீட்டர், 8 பல் சக்கரத்திற்கு 8 மில்லிமீட்டர். ஆகவே அவற்றின் அச்சுகளுக்கிடையே 16 மில்லிமீட்டர். சரியாக இரண்டு துளை. கணக்குத் தெரிந்தவருக்குத் துளை தேடி அலையும் வேலையில்லை.

இனி, இவ்வுரையின் மையப்பொருளுக்கு வருகிறோம். இத்தனை நேரம் ஏற்றுவதைப் பற்றிப் பேசினோம். ஆனால், பந்தேற்றும் பொறிகள் பெரும்பாலும் ஏற்றும் இடத்தில் நிற்பதில்லை, வாயிலில் நிற்கின்றன. தொட்டியில் குவியலாகக் கிடக்கும் பந்துகளை ஒவ்வொன்றாக உள்ளே விடுவதே மிக அரிய பணி.

ஏன் என்று காண்போம். தொட்டியின் உட்புறம் எட்டுக் குமிழ் அகலம், 64 மில்லிமீட்டர். வெளியேறும் வழியோ இரண்டு குமிழ், 16 மில்லிமீட்டர். 14 மில்லிமீட்டர் பந்து ஒன்று அதில் தாராளமாகச் செல்லும். ஆயினும், இரண்டு பந்துகள் ஒரே சமயத்தில் இரு பக்கத்திலிருந்தும் வாயிலை நெருங்கினால், ஒன்றின் தோளில் மற்றொன்று முட்டி, இரண்டும் சுவரில் ஊன்றி நின்றுவிடும். பின்னால் மூன்றாவது பந்து வந்து அழுத்தும். நான்காவது, ஐந்தாவது என்று அழுத்தம் கூடும். பழைய கட்டடங்களின் வாசல் வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பாரம் ஏற ஏற வளைவின் கற்கள் இறுகுகின்றன அல்லவா? இங்கும் அவ்வாறே. பின்னிருந்து எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு இறுகும். உள்ளே படிகள் வெறுமையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மோட்டார் குறையின்றிச் சுழலும். வெளியே முப்பது பந்துகள் காத்துக்கிடக்கும். பார்ப்பவர் "பந்து சரியில்லை" என்பார். பந்தில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் ஒரே வார்ப்பில் வந்தவை. குறை வாயிலின் அமைப்பில். கல்விக் கழகம் நடத்துவோர்க்கு இதனை இதற்கு மேல் விளக்க வேண்டுவதில்லை. நாங்களும் பொறிக்கே திரும்புகிறோம்.

வழியை அகலமாக்கினால் தீராதோ என்று கேட்கலாம். மூன்று குமிழ் அகலமாக்கினால் 24 மில்லிமீட்டர். அதில் இரண்டு பந்துகள் பக்கத்தில் பக்கம் நிற்க 28 வேண்டும். ஒன்று செல்ல 14 போதும். இரண்டுங்கெட்ட இந்த அகலத்தில் பந்துகள் முன்னும் பின்னுமாகக் கோணி மாட்டிக்கொள்ளும். தவிர்க்க வேண்டிய அகலம் இதுவே.

தீர்வுகள் மூன்று கையாளப்படுகின்றன. ஒன்று, இருபுறமும் ஒரே மாதிரியான சரிவை விடுத்து, ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாகவும் மறுபக்கத்தைச் சரிவாகவும் அமைப்பது. அப்போது பந்துகள் எதிரெதிரே சந்திப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரை ஒட்டி வரும். இரண்டாவது, தொட்டியின் தரையில் ஒரு பகுதியை அசையச் செய்வது. அசையும் படிகளின் முதற்படியையே தொட்டிக்குள் நீட்டிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அது குவியலைக் கீழிருந்து தட்டும். கட்டிய வளைவு இடிந்துவிடும். தனி மோட்டார் வேண்டியதில்லை. மூன்றாவது, வழவழப்பு. குமிழ்கள் தெரியும் தரையில் பந்து தடுக்கி நிற்கும். குமிழில்லாத வழுக்குத் தகடுகளைப் பதித்தால் ஓடும். இம்மூன்றையும் ஒருசேரச் செய்க. ஒன்று போதும் என்று நின்றுவிட வேண்டா.

"எங்கள் பொறி நன்றாகவே ஓடுகிறது, எப்போதாவது ஒரு தடவைதான் நிற்கிறது" என்று சொல்வோர் உண்டு. எப்போதாவது என்றால் எவ்வளவு? ஆயிரம் பந்தில் ஒன்று சிக்குவதாகக் கொள்வோம். ஆயிரத்தில் ஒன்று தவறுவது தேர்வில் பெரும் பெருமை. பொறியிலோ, நொடிக்கு ஒரு பந்து என்றால் ஆயிரம் பந்து பதினேழு நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். பதினேழு நிமிடத்திற்கு ஒரு தடவை ஆள் வந்து தட்ட வேண்டும். அத்தகைய பொறிகள் ஐம்பது வரிசையில் நின்றால், இருபது நொடிக்கு ஒரு தடவை எங்காவது ஒன்று நிற்கும். ஒன்று நின்றால் அதற்கு முன்னுள்ளவற்றின் பந்துகள் தேங்கி வழியும். பின்னுள்ளவை வெறுமையாகச் சுழலும். எட்டு மணி நேரக் கண்காட்சியில் 28,800 பந்துகள் ஒவ்வொரு பொறியையும் கடக்கின்றன. ஆகவே இவ்விளையாட்டில் தேர்ந்தவர்கள் புதிய பொறியை வீட்டிலேயே மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்த பின்னரே வெளியே கொணர்கின்றனர். அழகைவிட இப்பொறுமையே எங்களை மிகவும் கவர்ந்தது.

சிக்கும்போது பொறி உடையாமல் காப்பதும் முக்கியம். ஓர் அளவிற்கு மேல் அழுத்தம் வந்தால் பற்கள் முறியாமல் நடுவிலேயே வழுக்கும் 24 பல் சக்கரம் ஒன்று இக்கட்டைத் தொகுதியில் உண்டு. அது கிடைக்காதோர் இடையில் ஒரு ரப்பர் வளையத்தைப் பெல்ட்டாகப் போடலாம். சிக்கினால் அது வழுக்கும். பந்தை எடுத்துவிட்டால் மீண்டும் ஓடும்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். உயரமாகக் கட்டைகளை அடுக்கினால் ஓட்டத்தின் அதிர்ச்சியில் அவை மெல்லப் பிரிந்துவிடும். குறுக்கே துளைச் சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி முளையால் பூட்ட வேண்டும். ஆனால் துளைகளின் இடைவெளி 8. கட்டையின் உயரம் 9.6, இவை பொருந்துமோ? ஒரு கட்டையும் இரண்டு தகடும் சேர்ந்தால் 16, இரண்டு துளை. ஐந்து கட்டை சேர்ந்தால் 48, ஆறு துளை. இவ்விரண்டு கணக்கும் தெரிந்தவர் கட்டிய பொறி மேசையிலிருந்து தூக்கினாலும் குலையாது. மீச்சிறு பொது மடங்கு எதற்குப் பயன்படும் என்று கணக்கு வகுப்பில் கேட்ட தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் இதோ ஒரு விடை.

இளந்தோழர்களே! இக்கட்டைகள் விலை மிக்கவை என்பதை நாங்கள் மறைக்கப் போவதில்லை. பொறியொன்றுக்கு வேண்டிய அளவு வாங்குவது நம் குடும்பங்களில் பலவற்றிற்கு எளிதன்று. இவற்றின் அச்சுகள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவிற்கு நுணுக்கமாகச் செய்யப்படுவதால்தான் எந்தக் கட்டையும் எந்தக் கட்டையுடனும் பொருந்துகிறது. விலையும் அதனாலேயே ஏறுகிறது. ஆனால், இன்று நாம் பேசியவற்றில் மிகக் கடினமான பகுதிக்கு ஒரு கட்டைகூட வேண்டியதில்லை. வாயிலைத் தடித்த அட்டையிலேயே செய்து பார்க்கலாம். 16 மில்லிமீட்டர் கோலிக்குண்டு முப்பது, அட்டை, பசை, அளவுகோல். பந்து பெரிதானால் வழியும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். 18 அல்லது 19 மில்லிமீட்டர் போதும். முதலில் இருபுறமும் ஒரே சரிவாக ஒன்று செய்க. அடுத்து ஒருபுறம் செங்குத்தாக ஒன்று செய்க. இரண்டிலும் முப்பது குண்டுகளை நூறு தடவை கொட்டி, எத்தனை தடவை வளைவு கட்டுகிறது என்று நோட்டில் எழுதுக. ஒவ்வொன்றிற்கும் மூவாயிரம் குண்டுகளின் கணக்கு கையில் இருக்கும். ஒருவர் கொட்ட, ஒருவர் எண்ண, ஒருவர் எழுத என மூவராகச் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும். அதன்பின் சரிவின் கோணத்தை மாற்றி மீண்டும் எண்ணுக. நோட்டில் அன்றைய நாளையும் வழியின் அகலத்தையும் எழுத மறக்க வேண்டா. அவை இல்லாத கணக்கு அடுத்தவருக்குப் பயன்படாது.

படியேற்றத்தைச் செய்ய விரும்புவோர் பழைய ஐஸ்கிரீம் குச்சிகளையும் மிதிவண்டிக் கம்பியையும் கொண்டு ஆறு படி அளவில் செய்யலாம். மோட்டார் வேண்டா, கையால் சுற்றுவதே நலம். எந்த இடத்தில் கனக்கிறது என்பதைக் கைதான் சொல்லும்.

மேடையிலுள்ள பொறியின் ஒரு பக்கச் சுவரைக் கழற்றியே வைத்திருக்கிறோம். மோட்டாரையும் எடுத்துவிட்டுக் கைப்பிடி மாட்டியுள்ளோம். அரங்கு முடிந்தபின் வரிசையாக வந்து சுற்றிப் பார்க்கலாம். சிறுவர் சிறுமியர் முதலில் வரட்டும். கேள்விகள் உள்ளோர் அங்கேயே கேட்கலாம். நாங்கள் அருகிலேயே நிற்போம்.